இரவல் வீட்டு நங்கூரம்

நான் வாய் திறந்தால் தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்கும். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. இருபது வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று உயிர் போகக் கத்துகிறவளுக்குக் குயில் குரலா இருக்கும்? மடிப்பாக்கத்தில் இறங்கி வைஜயந்தி டிரைவிங் ஸ்கூல் எங்கே என்று கேட்டால், "அந்தக் கத்துற அம்மா ஸ்கூலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட வாய் அடைத்துப்போய் நான் நின்றது சேதுராஜ் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தேன். என் வீட்டு இரும்பு கேட் திறந்தால் பன்றிக்குட்டி மாதிரி கத்தும். அது கத்திய சத்தத்தில் எழுந்து வந்தேன். வாசலில் ஒரு பெரிய பெட்டி நின்றது, விமானத்தில் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்காமல். ஷூ இரண்டும் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. ஆளைக் காணோம்.

"யாரது?" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

சமையலறையிலிருந்து விசும்பல் கேட்டது. போய்ப் பார்த்தால் சேது. அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அரிசி டிரம்மில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை. துக்க அழுகை இல்லை அது. தொலைந்துபோன குழந்தை அம்மா கையில் கிடைத்ததும் அழுமே, அந்த அழுகை.

"வந்துட்டேன் ஆன்ட்டி... வந்துட்டேன்..."

"டேய், என்னடா ஆச்சு? அம்மா எங்கடா?"

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. மங்களேஸ்வரி. என் ஸ்கூலில் பன்னிரண்டு வருஷமாகக் கார் சொல்லிக்கொடுப்பவள், எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. சேது அவளுடைய ஒரே பிள்ளை.

"அக்கா, ஃப்ளைட் வந்து ரெண்டு மணி நேரமாச்சுக்கா! எல்லாரும் வந்துட்டாங்க, இவனும் தூரத்துல கை ஆட்டினான், அப்புறம் ஆளைக் காணும்க்கா. எனக்கு பயமா இருக்குக்கா!"

"இங்கதான்டி இருக்கான். என் வீட்ல."

நான் ஃபோனைப் பொத்திக்கொண்டு சேதுவைப் பார்த்தேன். "ஏண்டா, உங்கம்மா அங்க மாலையோட நிக்கறா. நீ பாக்கலையா?"

"பாத்தேன் ஆன்ட்டி. கை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா கால் நிக்கல. இங்க வந்துடுச்சு."



*

விஷயம் புரிய வேண்டுமானால் ஹால்வென் விசா பற்றிச் சொல்ல வேண்டும். ஹால்வென் வடக்கே இருக்கிற ஒரு குளிர் நாடு. ஆப்பிள் தோட்டமும் ஓட்டலும் ஏராளம், வேலைக்கு ஆள்தான் இல்லை. அதற்காக வேலை-விடுமுறை விசா என்று ஒன்று வைத்திருந்தார்கள். முப்பது வயசுக்குள் இருப்பவர்கள் ஒரு வருஷம் போகலாம். கொஞ்ச நாள் வேலை, கொஞ்ச நாள் ஊர் சுற்றல், பிறகு வீட்டுக்கு. பணக்கார நாட்டுப் பிள்ளைகள் பல வருஷமாக முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஜாலியாகப் போய் வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. போனால் திரும்ப மாட்டார்களாம்.

பிறகுதான் நங்கூரம் வந்தது. மணல் பருமன் சில்லு ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஊசியில் ஏற்றுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து அரை நாள் கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு வாசனை, சத்தம், ஜன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும் சில்லு படித்துக்கொள்ளும். பிறகு தூங்கிவிடும். விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போது விழித்துக்கொண்டு வீட்டு ஏக்கத்தைக் கிளப்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இருக்கிற ஏக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறோம், அவ்வளவுதான் என்றார்கள். போனவன் ஒருத்தன் விடாமல் திரும்பினான். கதவு அகலத் திறந்தது.

சேதுவுக்கு உலகம் பார்க்க ஆசை. மங்களாவுக்கு அவன் ஆசைதான் ஆசை. ஏஜெண்டிடம் போனார்கள். அந்த ஆள் மங்களாவின் விலாசத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினானாம்.

"கோவிலம்பாக்கத்துல ஒத்த ரூம் வாடகை வீடா? என்னம்மா நீங்க. இந்த வீட்டுக்கு எவன் திரும்பி வருவான்னு நெனப்பாங்க. நல்ல வீடா ஒண்ணு காட்டுங்க. இல்ல, என்கிட்ட ஒரு வீடு இருக்கு. ஒரு நாள் வாடகை குடுத்தா போதும்."

மங்களா என்னிடம் வந்து தலையைச் சொறிந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு சோபாவை இழுத்துப் போட்டுக்கொள்கிற ஊர் இது. அதிகாரி வீடு பார்க்க வருவதும் அந்த மாதிரிதானே. என் கணவர் போய்ச்சேர்ந்து பத்து வருஷம், பிள்ளைகுட்டி இல்லை, வீடு சும்மாதான் கிடந்தது. "வந்து காட்டிட்டுப் போடி" என்றேன்.

அதிகாரி கருவிகளோடு வந்து உட்கார்ந்த அந்த அரை நாள் கூத்தை நினைத்து நாங்கள் மாதக்கணக்கில் சிரித்திருக்கிறோம். ஹாலில் மங்களா குடும்பத்து ஃபோட்டோவை மாட்டினோம். என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அவள் சோபா நுனியில் உட்கார்ந்தாள். எதையாவது உளறிவிடுவோமோ என்ற பயத்தில் வாயையே திறக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான். எனக்குச் சமையல்காரி வேஷம். வெந்தயக் குழம்பு வைத்து அப்பளம் பொரித்தேன். நடுவில் எங்கள் மாணவி ஒருத்தி காரைச் சாக்கடையில் இறக்கிவிட்டு ஃபோன் பண்ணினாள். வேஷத்தை மறந்துவிட்டு அவளைக் கிழிகிழி என்று கிழித்தேன். "யார் இவங்க?" என்று அதிகாரி கேட்க, "சமையல் அம்மா சார், கொஞ்சம் கோவக்காரங்க" என்றான் சேது. மங்களா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசா கிடைத்தது. சேது போனான். பனியில் விழுந்து எழுந்த படமெல்லாம் அனுப்பினான். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக் குளிர்ந்துபோனோம்.

*

அன்று சாயந்திரமே மங்களா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். "களைப்புல பையனுக்குப் புத்தி குழம்பிடுச்சுக்கா" என்று சிரித்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு என் கேட் பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. சேது நேரே சமையலறைக்குப் போய் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ராத்திரி முழுக்க நடுங்கியிருக்கிறான். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. என் வீட்டுத் தரையில் சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனான்.

பின்னாலேயே மங்களா வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செஞ்சேன்க்கா. அதுக்காக உசுர விடுவான் இல்ல? ஒரு வாய் வெச்சான். குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. 'அம்மா, வேணும்னு பண்ணலம்மா'ன்னு என் கையப் புடிச்சுட்டு அழறான்க்கா. நான் பெத்த புள்ளைக்கு என் வீட்டுச் சோறு ஆகலக்கா!"

நான் குழம்பு சாதம் பிசைந்து வைத்தேன். சேது எழுந்து தட்டை வழித்துச் சாப்பிட்டான். மங்களா சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்படிடா ஆரம்பிச்சுது?" என்று அவனைக் கேட்டேன்.

"பேக்கிங் ஷெட்ல ஆப்பிள் தரம் பிரிச்சிட்டு இருந்தேன் ஆன்ட்டி. திடீர்னு வெந்தய வாசம். சுத்திமுத்திப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் இந்த கேட் சத்தம், இந்த ஜன்னல் வெயிலு. நெஞ்சப் போட்டுப் பெசஞ்சுது. எல்லாப் பசங்களும் அப்பிடித்தான், வீட்ட நெனச்சு அழுதுட்டே மூட்டை கட்டினாங்க. நானும் அழுதேன். ஆனா அழறப்பவே எனக்குள்ள ஒண்ணு கேட்டுச்சு, ஏன் எனக்கு அம்மா நெனப்பு வரலன்னு." அவன் மங்களாவை நிமிர்ந்து பார்த்தான். "எனக்குத் தெரியும்மா, நீதான் என் அம்மா. மூளைக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியல."

மங்களா அவன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "கெளம்புடி, அந்த ஏஜெண்ட் பயல நாலு கேள்வி கேக்கலாம்" என்று காரை எடுத்தேன்.

*

ஏஜெண்டின் ஆபீசில் பூட்டுத் தொங்கியது. ஆள் தலைமறைவு. அவன் ஒரு நாள் வாடகைக்கு விடுவானே, அந்த வீடு மங்களாவுக்குத் தெரியும். ஒருவேளை அங்கே இருப்பான் என்று காரைத் திருப்பினேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் கூட்டம். நான் ஏதோ துக்க வீடு என்றுதான் நினைத்தேன். வெள்ளைச் சுவரும் தேக்குக் கதவுமாக நல்ல வீடு. அதன் கேட்டுக்கு வெளியே நடைபாதை முழுக்கப் பிள்ளைகள். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பையன்களும் பெண்களும். காம்பவுண்டுச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிலர், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிலர். ஒரு பெண் மூச்சை இழுத்து இழுத்து அந்த வீட்டு மல்லிகைக் கொடியை மோந்துகொண்டிருந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் அவர்களைப் பெற்றவர்கள் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக வெயிலில் நின்றார்கள்.

"கடவுளே" என்றாள் மங்களா. காரைவிட்டு இறங்கினோம். ஒரே வீட்டை அந்தப் பாவி எத்தனை பிள்ளைக்குக் காட்டியிருக்கிறான்!

கூட்டத்துக்கு நடுவில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருத்தன் ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நான் போய் முன்னால் நின்றேன்.

"நீங்க யாரு? அந்த ஏஜெண்ட் ஆளா?"

"இல்ல மேடம். பிரசன்னவேல். இந்தத் திட்டத்த வடிவமைச்ச குழுவுல நான் ஒருத்தன்."

பளாரென்று ஒன்று விடலாம் என்று கை துடித்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவனும் பல நாள் தூங்காதவன் மாதிரிதான் இருந்தான்.

"என்னய்யா வடிவமைச்சீங்க? இதுவா?"

"பொய் வீடு காட்டுவாங்கன்னு நாங்க நெனக்கல மேடம்."

"நெனக்கலயா? நீ எந்த ஊரு?"

"நங்கநல்லூர்."

"நங்கநல்லூர்ல பொறந்துட்டு நெனக்கலங்கறியே, வெக்கமா இல்ல? பேங்க்ல பணம் காட்டணும்னா கைமாத்து வாங்கிக் காட்டுவோம். கல்யாணத்துக்கு நகை காட்டணும்னா இரவல் வாங்கிப் போட்டுக்குவோம். அதிகாரி வீடு கேட்டா வீடு காட்ட மாட்டோமா?"

அவன் தலை குனிந்தான். "விதிமுறை எழுதினது ஹால்வென்ல மேடம். 'விண்ணப்பிப்பவரின் வீடு'ன்னு போட்டிருந்தாங்க. அங்க அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இருக்கறதுலயே இதுதான் இரக்கமான வழின்னு நம்பினோம். முதல்ல பாண்டு கேட்டாங்க, பாஸ்போர்ட்டப் புடுங்கி வெக்கலாம்னாங்க, திரும்பலன்னா குடும்பத்த ஜெயில்ல போடலாம்னுகூடப் பேசினாங்க. நங்கூரம் இல்லன்னா நம்ம பிள்ளைங்களுக்கு அந்த விசாவே கெடையாது."

"பணக்கார நாட்டுப் பிள்ளைங்களுக்கும் இந்த ஊசி உண்டா?"

அவன் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான். அதுவே பதில்.

மங்களா மெதுவாகக் கேட்டாள். "அத எடுத்துட முடியாதா சார்?"

"சில்லு கரைஞ்சு போச்சும்மா. இப்ப இருக்கறது அவங்க மூளையேதான். சில்லு சொல்லிக்குடுத்துட்டுப் போயிடுச்சு. வேற வீட்டுக்கு ஏங்கறமாதிரி மறுபடி சொல்லிக்குடுக்கலாம்னு ரெண்டு பேருக்குப் பண்ணிப் பாத்தோம்." அவன் குரல் இறங்கியது. "அவங்களுக்கு இப்ப எந்த இடமும் வீடு இல்ல. எங்க உக்காந்தாலும் ஏர்போர்ட்ல உக்காந்த மாதிரி இருக்காங்க."

"வேற வழியே இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு. வெள்ளத்துல வீடு போனவங்க சில பேர் இருந்தாங்க. பல மாசம் செத்த வீடு மாதிரி அழுதாங்க. அப்புறம் தெளிஞ்சுட்டாங்க. நங்கூரம் எதப் புடிச்சிருக்கோ, அது ஒலகத்துலயே இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும். ஆனா ஒரு தடவ அது திரும்பக் கெடச்சாலும் மறுபடி முதல்லேர்ந்து." எதிரே நின்ற வெள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான். "அதுக்காக யார் வீட்டப் போய் இடிக்கச் சொல்றது?"

*

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சில வாரங்கள் எனக்கு இனித்தன. பத்து வருஷமாக ஒத்தைத் தட்டில் சாப்பிட்டவள் நான். காலையில் எழுந்தால் சேது காபிக்குக் காத்திருப்பான். மோட்டார் போடுவான், கேஸ் சிலிண்டர் மாற்றுவான். நான் திட்டினால் சிரிப்பான். "கத்துங்க ஆன்ட்டி, நல்லாருக்கு" என்பான். இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இருந்துவிட்டுப் போகட்டுமே, மங்களாவையும் மாடியில் குடிவைத்துவிட்டால் போயிற்று என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே மங்களா நின்றுகொண்டிருந்தாள். கையில் டிபன் கேரியர். பன்னிரண்டு வருஷமாக என் சமையலறை வரைக்கும் தடதடவென்று வருகிறவள், அன்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேவே நின்றாள், அந்தத் தெருவில் பார்த்த பெற்றவர்கள் மாதிரி. உள்ளே சேது என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேரியரைத் திறக்காமலே அவள் திரும்பிப் போனாள்.

சீ, நீயும் ஒரு மனுஷியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட வேண்டும் என்று ஒரு பில்டர் வெகுநாளாக என் வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயந்திரமே கூப்பிட்டுச் சரி என்றேன். மங்களாவிடம் சொன்னதும் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்க்கா! அண்ணன் கட்டின வீடுக்கா!" என் கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உங்கண்ணன் கட்டினது செங்கல்லு. உனக்கு இருக்கறது ஒரே புள்ள. எந்திரிடி."

ஜேசிபி வந்த அன்று சேதுவைத் தள்ளி வைத்திருந்தோம். எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிட்டான். சமையலறைச் சுவர் சரிந்தபோது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிணத்தின் மேல் விழுகிற மாதிரி இடிபாட்டின் மேல் விழப் போனான். நான்கு கூலியாட்கள் சேர்ந்து பிடித்தார்கள். நான் அழவில்லை. அழுதால் அவன் இன்னும் உடைந்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவன் மங்களா வீட்டில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். கஞ்சி மட்டும் இறங்கியது. ஆனால் வாந்தி இல்லை. "தூங்கறான்க்கா" என்று மங்களா ஃபோனில் கிசுகிசுத்தாள். நான் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டு, விட்ட வேலையைத் தொடர்ந்தேன். வீடு போனது போனதுதான், பிள்ளை பிழைத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

*

புது மாணவி ஒருத்திக்கு முதல் பாடம். மேடவாக்கம் சாலையில் காலை வெயில். அவள் கியருக்கும் கிளட்சுக்கும் நடுவே திண்டாட, நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "கிளட்ச்ச விடாத! விடாதங்கறேன் இல்ல! கண்ணு எங்கடி இருக்கு, ரோட்டப் பாரு!"

அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மேடம், யாரோ பின்னாடி ஓடி வராங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சேது. காலில் செருப்பு இல்லை. கஞ்சி குடித்துக் கிடந்த உடம்பு, எலும்பும் தோலுமாக. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எங்கள் காருக்குப் பின்னால் ஓடி வந்தான். ஒரு ஆட்டோ அவனை உரசிக்கொண்டு போனது.

"நிறுத்துடி!" என்று அலறினேன். அந்த அலறலைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

ஓடிவந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. பாதத்தில் ரத்தம்.

"கத்துங்க ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் கத்துங்க."

அன்று கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த அரை நாள் பூராவும் அந்த வீட்டில் கேட்ட பெண் குரல் எது? மங்களா வாயே திறக்கவில்லை. நான்தான் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தேன். நங்கூரம் செங்கல்லைப் பிடிக்கவில்லை. குழம்பையும் கேட்டையும் சும்மா தொட்டுவைத்திருக்கிறது. இறுக்கிப் பிடித்தது என் தொண்டையை. என் கணவர் கட்டிய வீட்டை நான் வீணுக்கு இடித்திருக்கிறேன்.

பிரசன்னவேலைக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்றைய பதிவைப் போட்டுக் கேட்டான். பிறகு, "ஆமா மேடம். அம்மா குரல்னு அது எடுத்துக்கிட்டது ஒங்க குரலத்தான்" என்றான். "இதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது மேடம்."

சொல்ல வேண்டியதில்லை. ஒலகத்துலயே இல்லன்னா விட்டுடும். அவனே சொல்லியிருக்கிறானே.

*

ஸ்கூலை மங்களா பேருக்கு மாற்றிவிட்டேன். இப்போது நான் இருக்கும் ஊரை எழுதப்போவதில்லை. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதோடு சரி, அதுவும் தணிந்த குரலில். அடக்கமான அம்மா என்று அக்கம்பக்கத்தில் எனக்குப் பெயர்! மடிப்பாக்கத்தில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேசித் தீர்க்க வேண்டியதையெல்லாம் இப்படி எழுதித் தீர்க்கிறேன். எழுத்தில் சத்தம் கேட்காது என்று மங்களா சொன்னாள்.

மங்களாவோடு நான் ஃபோனில் பேசுவது கிடையாது. அவள் இருப்பது ஒத்த ரூம். நான் பேசினால் ஃபோனைத் தாண்டிக் கேட்கும் என்பது ஊருக்கே தெரியும். ஒரு தடவை கேட்டாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால் அவள் பேசுவாள், நான் கேட்பேன். சரி என்றால் ஃபோனில் விரலால் ஒரு தட்டு. சந்தோஷம் என்றால் இரண்டு. எங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

நேற்று மத்தியானம் கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகை. என்னடி, என்ன ஆச்சு என்று கேட்க வாய்வரை வந்ததைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "நெத்திலித் தொக்கு செஞ்சேன்க்கா. சும்மா, எனக்குன்னுதான் செஞ்சேன். தட்ட என்கிட்டேர்ந்து புடுங்கிச் சாப்பிடறான்க்கா. இன்னும் கொஞ்சம் போடும்மான்னு கேட்டான். கேக்குதாக்கா?"

கேட்டது. பின்னால் எவர்சில்வர் தட்டில் விரல் வழிக்கிற சத்தம். பிறகு ஒரு இருமல். காரம். அந்தப் பாவிப் பயலுக்குக் காரம் ஏறியிருக்கிறது. தண்ணியக் குடிடா மடையா என்று கத்த என் தொண்டை முழுக்கத் திரண்டு நின்றது.

"யாரும்மா ஃபோன்ல?" என்றான் சேது. அவன் குரல் தேறியிருந்தது.

"யாரும் இல்லடா," என்றாள் மங்களா. "கார் கத்துக்கணும்னு யாரோ கேக்கறாங்க. நீ சாப்பிடு."

நான் ஃபோனில் இரண்டு தட்டு தட்டினேன்.